கொழும்பின் வெக்கைக்கும் உப்புக்காற்றுக்கும் எந்த ஜுனிப்பர்?

கொழும்பில் ஜுனிப்பர் வளருமா என்று கேட்டால், வளரும் என்றுதான் சொல்வேன். ஆனால் எந்த ஜுனிப்பர் என்று பார்த்து வாங்க வேண்டும். தெஹிவளையில் எங்கள் வீட்டு மதிலோரம் கைசுகா என்ற ஜுனிப்பர் ஒன்று ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கிறது. போகிற வருகிற ஆக்கள் அதைப் பார்த்துவிட்டு, தங்கள் வீட்டுக்கும் ஒன்று வேண்டும் என்று கடைக்குப் போவார்கள். அங்கே நீல நிறத்தில் கண்ணைப் பறிக்கிற வேறொரு வகையைக் கண்டு அதை வாங்கிவந்து நடுவார்கள். அடுத்த ஐப்பசி மழை முடியும்போது அது பழுப்பாகிக் கிடக்கும். பிறகு, "கொழும்புக்கு ஜுனிப்பர் சரிவராது" என்று முடிவு கட்டிவிடுவார்கள். அந்த முடிவு பிழை என்று எனக்கு நன்றாகத் தெரியும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, ராஜகிரிய என்று சொந்தக்காரர், சிநேகிதர் வீடுகளில் நட்டும் நடச் சொல்லியும், அவை எப்படி வருகின்றன என்று வருடக்கணக்காகப் பார்த்துக்கொண்டு வருகிறேன்.

முதலில் இந்தச் செடியின் குணத்தைச் சொல்ல வேண்டும். ஜுனிப்பர் சைப்ரஸ் குடும்பத்தைச் சேர்ந்த ஊசியிலைத் தாவரம். ஐம்பதுக்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. ஏறக்குறைய எல்லாமே பூமியின் வடபாதியைச் சேர்ந்தவை. கிழக்கு ஆபிரிக்க மலைகளில் வளரும் ஓர் இனம் மட்டும்தான் பூமத்திய கோட்டைத் தாண்டித் தெற்கே போகிறது. பனிமலை, வறண்ட பாறை, கடற்கரை மணல்மேடு என்று அவற்றின் பிறந்த இடங்கள் பலவிதம். ஆனால் எல்லாவற்றுக்கும் பொதுவாக மூன்று விருப்பங்கள் உண்டு. நல்ல வெயில், ஓடுகிற காற்று, தண்ணீர் தேங்காத மண்.

வெயிலுக்கும் காற்றுக்கும் கொழும்பில் குறை இல்லை. பிரச்சினை மழையும் இரவும். வருடத்துக்குச் சுமார் 2,400 மில்லிமீற்றர் மழை பெய்கிற ஊர் இது. இரவு வெப்பநிலை 20 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்குவது அபூர்வம். மழையை எல்லோரும் யோசிப்பார்கள், இரவை யாரும் யோசிப்பதில்லை. செடி பகலில் வெயிலை வைத்துத் தன் உணவைச் செய்கிறது, இரவில் சுவாசித்து அதில் ஒரு பங்கைச் செலவழிக்கிறது. இரவு எவ்வளவு சூடோ அவ்வளவு செலவு. குளிர்நாட்டு இனங்கள் குளிரான இரவையும் நீண்ட மாரிகால ஓய்வையும் நம்பி உருவானவை. கொழும்பில் அவற்றுக்கு வருமானம் அதே அளவு, செலவு மட்டும் கூட. அதனால் அவை ஒரே நாளில் சாவதில்லை. மாதம் மாதமாக மெலிந்து, கடைசியில் ஒரு பூஞ்சையோ, இலைச்சாறு உறிஞ்சுகிற சிலந்திப்பூச்சியோ வந்து முடித்துவைக்கும். பழி பூச்சி மேல் விழும்.

ஆகவே, ஒரு வகையைப் பார்த்தவுடன் நான் கேட்கிற கேள்வி, இது எந்த ஊர்க்காரர் என்பதுதான். கோடையில் புழுக்கமும் மழையும் சேர்ந்து வருகிற இடத்திலிருந்து வந்ததா? அப்படியென்றால் யோசிக்கலாம். சீனா, ஜப்பான், கொரியா பக்கத்துச் சீன ஜுனிப்பர், அதாவது ஜுனிப்பரஸ் சைனென்சிஸ், அந்த வகை. ஐரோப்பிய மலைகளிலும் இமயமலை உயரங்களிலும் பிறந்தவையா? கொழும்பில் ஆசைப்படாமல் விடுவது நல்லது.

இதற்கும் முன்னால் இன்னொரு சிக்கல் இருக்கிறது. கன்றுக்கடையில் ஜுனிப்பர் என்று தருவது ஜுனிப்பர்தானா? பத்தரமுல்லைப் பக்கத்துக் கடைகளிலும் தியத்த உயனவிலும் கன்றுகள் ஏராளம். ஆனால் இந்த நாட்டில் எங்கே போனாலும் ஊசியிலைச் செடிகளுக்குப் பெயர்ச்சீட்டு இருப்பது குறைவு. துயா, சைப்ரஸ், ஜுனிப்பர் எல்லாம் பெயர் மாறி மாறி விற்கும். விற்கிறவர்களை நான் குற்றம் சொல்லமாட்டேன். மொத்தமாகக் கொண்டுவந்து இறக்குகிறவர் சொன்ன பெயர்தான் அவர்களுக்கும். "மிஸ், இது நல்ல ஜுனிப்பர்" என்று ஒருவர் நீட்டினால், நான் ஒரு சிறு கொப்பைக் கையில் பிடித்து வெளிச்சத்தில் பார்ப்பேன்.

துயாவின் கொப்பு தட்டையாக இருக்கும். இலைகள் ஒரே தளத்தில் விரிந்து, விசிறியை நிறுத்திவைத்த மாதிரி செங்குத்தாக நிற்கும். காய் இருந்தால் இன்னும் சுலபம்: சின்னச் சின்னக் கொம்புகள் முளைத்த நீலப்பச்சைக் காய், முற்றினால் மரக்கட்டையாகி வெடிக்கும். ஜுனிப்பரின் கொப்பு உருண்டையானது. விரலுக்கிடையில் வைத்து உருட்டினால் உருளும். காய் வெடிக்காது, மேலே நீலச் சாம்பல் பூசிய சின்ன உருண்டையாகவே இருக்கும். சீன ஜுனிப்பரில் இன்னொரு அடையாளம் உண்டு. ஒரே செடியில் இரண்டு விதமான இலை இருக்கும். வெளிப்பக்கக் கொப்புகளில் செதில் செதிலாகத் தண்டோடு ஒட்டிய மெத்தென்ற இலை. உள்ளேயோ அடிப்பக்கத்திலோ கையைக் குத்துகிற ஊசி இலை. ஊசிகள் பெரும்பாலும் மும்மூன்றாகச் சேர்ந்திருக்கும். உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் வெள்ளைக் கோடுகள் தெரியும். இந்த இரண்டையும் ஒரே செடியில் கண்டால் மனம் நிம்மதியாகிவிடும்.

டிசம்பரில் கிறிஸ்மஸுக்கு என்று சின்னச் சாடியில் வருகிற மஞ்சள்பச்சைக் கூம்பு, அநேகமாகக் கோல்ட்கிரெஸ்ட் என்ற சைப்ரஸ். இலையைக் கசக்கினால் எலுமிச்சை வாசம் வரும். அது நுவரெலியாவின் செடி. கொழும்பில் பண்டிகை முடியும் வரைக்கும் அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

சரி, எதை வாங்கலாம்?

நிலத்தில் ஒரு மரம் மாதிரி நிற்க வேண்டும் என்றால் கைசுகா. சீன ஜுனிப்பரில் தெரிந்தெடுத்த ஜப்பானிய வகை இது. அமெரிக்காவில் ஹொலிவுட் ஜுனிப்பர் என்கிறார்கள். கொப்புகள் முறுக்கிக்கொண்டு, காற்றில் சாய்ந்த சுவாலை போல மேலே போகும். பச்சை நல்ல அடர்த்தியான பச்சை, செதில் இலை, கையைக் குத்தாது. வெக்கையைத் தாங்கும், உப்புக்காற்றையும் தாங்கும். காலி வீதிக்குக் கடற்பக்கம் இருக்கிற வீடுகளுக்கு இந்தக் கடைசிக் குணம் பெரிய விஷயம். சோளகக் காற்று அடிக்கிற மாதங்களில் எங்கள் வீட்டு யன்னல் கண்ணாடியில் உப்பு படிகிறது. பக்கத்து வீட்டு ரோஜாவின் இலை விளிம்பெல்லாம் கருகும்போது கைசுகா அப்படியே நிற்கிறது. மழையில்லாமல் காற்று மட்டும் பலமாக அடித்த நாட்களுக்குப் பிறகு ஹோஸ் பைப்பால் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவிவிடுவேன். அதைவிட அதற்கு நான் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை.

ஆனால் இடம் வேண்டும். முழு வளர்ச்சியில் நாலு முதல் ஆறு மீற்றர் உயரம், இரண்டு மூன்று மீற்றர் அகலம். கடையில் இரண்டடிக் கன்றாக இருக்கும்போது இதை நம்ப மனம் வராது. மதிலுக்கும் அதற்கும் இடையில் குறைந்தது ஐந்தடி விடுங்கள். மின்கம்பி போகிற இடத்துக்குக் கீழே வேண்டாம். வெள்ளவத்தையில் ஒரு வீட்டில் வாசல் கேற்றுக்கு இரண்டு பக்கமும் கைசுகா வைக்கப் போகிறோம் என்றார்கள். அளவெடுத்துப் பார்த்தால், பத்து வருடத்தில் வாகனம் உள்ளே வராது. அந்த இடத்துக்கு ஜுனிப்பரே வேண்டாம் என்று சொன்னேன். அவர்களுக்குக் கொஞ்சம் மனக்கசப்புத்தான், ஆனாலும் அதுதான் சரி. வருடத்துக்கு ஓரடிக்கும் குறைவாக வளர்கிற செடியை வெட்டி வெட்டி அடக்கி வைப்பது அதற்கும் கொடுமை, நமக்கும் வேலை.

ஃபிட்சர் என்றொரு வகையும் அவ்வப்போது கிடைக்கும். பக்கவாட்டில் விரிகிற புதர். ஒன்றரை, இரண்டு மீற்றர் உயரமும் மூன்று மீற்றர் அகலமும் எடுக்கும். 6 பேர்ச்சஸ் காணியில் வீடு கட்டி மிச்சமிருக்கிற முற்றத்துக்கு இது பொருந்தாது. பெரிய வளவு உள்ளவர்களுக்கு மட்டும்.

நிலத்தோடு படர்கிற வகைகளில்தான் கொழும்புக்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது என்று நினைக்கிறேன். இதில் என் முதல் தெரிவு கடற்கரை ஜுனிப்பர், ஜுனிப்பரஸ் கொன்ஃபெர்ட்டா. ஜப்பானிலும் சகாலின் தீவிலும் கடற்கரை மணல்மேடுகளில் தானாகப் படர்கிற செடி. ஓரடி உயரம்தான் வரும், அகலத்தில் இரண்டு மீற்றருக்கு மேல் ஓடும். புளூ பசிபிக் என்ற பெயரில் வருவது இதிலேயே இன்னும் தாழ்ந்து படர்கிற, நீலம் கலந்த பச்சை நிறத் தெரிவு. உப்பும் மணலும் இதன் பிறந்த வீடு. மரைன் டிரைவ் பக்கம் மாமி இருக்கிற தொடர்மாடியின் முன்னால், மணல் நிலத்தில் ஒரு வரிசை வைத்தோம். புல்லே பிடிக்காத இடம் அது. இப்போது அங்கே களை முளைக்க இடமில்லை. ஒரு குறை என்னவென்றால் இலை கையைக் குத்தும். நடைபாதைக்கு ஒட்டினாற்போல் வைத்தால் சின்னப் பிள்ளைகளின் காலில் உரசும். அரை மீற்றராவது உள்ளே தள்ளி நடுங்கள்.

அதே கன்றுகளில் இரண்டை ராஜகிரியவில் ஒரு சிநேகிதி கொண்டுபோய் வைத்தாள். அவள் வீடு இருக்கிற காணி முன்பு சதுப்பு. செம்மண் கொட்டி நிரப்பியது. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு இரண்டும் அடியிலிருந்து பழுப்பேறிப் போய்விட்டன. பிடுங்கிப் பார்த்தால் வேர் கறுத்து, தோல் மட்டும் உரிந்து கையோடு வந்தது. அதுதான் வேரழுகல். ஒரே கடை, ஒரே கன்று, ஒரே மழை; மணலில் வைத்தது தப்பியது, களிமண்ணில் வைத்தது போனது. வகையைத் தெரிவதில் பாதி, மண்ணைத் தெரிவதுதான் என்று நான் அடித்துச் சொல்வது இதை நேரில் கண்டதனால்.

உங்கள் மண் எப்படி என்று பார்க்க ஓரடி ஆழத்தில் ஒரு குழி வெட்டித் தண்ணீரை நிரப்புங்கள். அது வற்றியதும் மறுபடி நிரப்புங்கள். இரண்டாவது முறை நிரப்பிய தண்ணீர் அரை நாளாகியும் கிடந்தால் அந்த இடத்தில் குழியில் நடக் கூடாது. கருங்கல்லோ கபுக் கல்லோ வைத்து ஓரடிக்கு மேடு கட்டி, அதில் நட வேண்டும். மேட்டுக்குப் பெருமணலும் கருங்கல் சல்லியும் பாதிக்கு மேல் போகட்டும். மிச்சத்துக்கு மண், கொஞ்சம் கூட்டெரு. தும்புத்தூள் வேண்டாம். நம்மூரில் எல்லாச் செடிக்கும் தும்புத்தூள் போடுகிற பழக்கம் இருக்கிறது. அந்தூரியத்துக்கு அது சரி, ஜுனிப்பருக்கு இல்லை. ஈரத்தைப் பிடித்து வைப்பதுதான் அதன் வேலை, நமக்கு வேண்டியது நேரெதிர். ராஜகிரிய சிநேகிதி பிறகு இப்படி மேடு கட்டித்தான் மறுபடி வைத்தாள். இந்தமுறை நிற்கிறது.

படர்கிற வகையில் இன்னொன்று ஜுனிப்பரஸ் புரோகம்பென்ஸ் நானா. இதுவும் ஜப்பானிய வழி வந்தது. குட்டைக் குட்டை ஊசியிலை, அடர்த்தியாகப் படரும், சாடி விளிம்பைத் தாண்டித் தொங்கவும் செய்யும். போன்சாய் வளர்க்கிறவர்கள் இதையும் சிம்பாக்குவையும் விரும்பி வாங்குவார்கள். சிம்பாக்கு சீன ஜுனிப்பரின் மலைப்பாறை வடிவம். இலை மென்மை, கொப்பு கம்பி கட்டி வளைக்க இசைவது. பல்கனியில் ஒரேயொரு சாடிக்குத்தான் இடம் என்றால் இந்த இரண்டில் ஒன்றைத்தான் சொல்வேன். ஆனால் நாளுக்கு ஆறு மணித்தியாலம் நேர் வெயில் வேண்டும். வரவேற்பறை மேசையில் அழகுக்கு வைக்கிற செடி இது இல்லை. உள்ளே வைத்த ஜுனிப்பர் செத்த பிறகும் பல வாரம் பச்சையாகவே இருக்கும். அதுதான் ஆக்களை ஏமாற்றுகிறது. நன்றாக இருக்கிறது என்று தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள்.

நீல நிறத்துக்கு வருகிறேன். புளூ ஸ்டார் என்ற வகையை ஒருதரம் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். வெள்ளி கலந்த நீலம், நட்சத்திரம் நட்சத்திரமாக இலை. இது ஜுனிப்பரஸ் ஸ்குவாமாட்டா, இமயமலையிலும் சீனாவின் உயர்ந்த மலைகளிலும் வளர்கிற இனம். நுவரெலியாவில் இருக்கிற என் அக்கா, மாமிக்கு என்று ஒரு கன்று கொண்டுவந்தாள். 1,868 மீற்றர் உயரத்து ஊரில் நன்றாக வளர்ந்த செடி. மாமிக்கு அதன் மேல் உயிர். காலையில் எழும்பினதும் பல்கனிக்குப் போய்த் தடவிப் பார்ப்பார். கொஞ்ச நாளில் என்னைக் கூப்பிட்டு, "பிள்ளை, இதின்ர நீலம் ஏன் மங்கிக்கொண்டு போகுது?" என்று கேட்டார்.

அந்த நீலம் இலைக்குள் இருக்கிற சாயம் இல்லை. இலைக்கு மேலே படிந்திருக்கிற மெழுகு. வெயிலைத் திருப்பி அனுப்பவும் தண்ணீர் ஆவியாகிப் போகாமல் காக்கவும் செடி தானே பூசிக்கொள்கிற பூச்சு அது. தடவினால் போகும். "மாமி, தொடாமல் பாருங்கோ" என்றேன். ஆனால் தடவியதால் மட்டும் வந்த மங்கல் இல்லை அது. புதுத் தளிர்களே சாம்பல் பச்சையாக வந்தன, உள்பக்க இலைகள் பழுப்பாகி உதிர்ந்தன. இரவின் சூடு தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. மழைக்காலம் தொடங்குவதற்கு முன் அக்காவிடமே திருப்பி அனுப்பினோம். பாதிச் செடிதான் பிழைத்தது. ஜுனிப்பரில் பழுப்பு கண்ணுக்குத் தெரிகிறபோது உள்ளே காரியம் முக்கால்வாசி முடிந்திருக்கும்.

ஹக்கல தாவரவியல் பூங்காவுக்குப் போய்வந்து, அங்கே ஊசியிலை மரங்கள் நிற்கிற அழகைப் பார்த்து ஆசைப்படுகிறவர்களிடமும் இதையே சொல்கிறேன். குயினைன் மருந்து தருகிற சின்கோனா மரத்தை வளர்க்க என்று 1861இல் தொடங்கிய தோட்டம் அது. சின்கோனாவுக்குக் குளிர் வேண்டும் என்றுதான் அந்த மலையைத் தேடிப் போனார்கள். அங்கே நிற்பது இங்கே நிற்கும் என்ற உத்தரவாதம் கிடையாது. ஜின் மதுவுக்கு மணம் தருகிற ஜுனிப்பரஸ் கொம்யூனிஸும் குளிர்நாட்டு ஆள்தான். இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். உணவில் சேர்ப்பது அந்த இனத்தின் காய். தோட்டத்து ஜுனிப்பர் எதுவென்று தெரியாமல் அதன் காயை வாயில் வைக்கக் கூடாது. சபினா என்ற இனம் நஞ்சு. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இதை அவர்களுக்கும் சொல்லிவையுங்கள்.

ஆக, கொழும்பில் நீலம் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்களுக்கு நான் காட்டக்கூடியது புளூ பசிபிக்கின் நீலப்பச்சை மட்டும். அதோடு மனதைத் தேற்றிக்கொள்ளத்தான் வேண்டும்.

சாடியில் வளர்ப்பவர்களுக்குச் சில விஷயங்கள். சாடியின் அடியில் ஓட்டுத்துண்டு, செங்கல் துண்டு என்று ஒரு அடுக்குப் போட்டால் தண்ணீர் வடியும் என்பது பரவலான நம்பிக்கை. உண்மையில் அந்த அடுக்குக்கு மேலே மண் நனைந்தபடிதான் நிற்கும். வேருக்குக் கிடைக்கிற நல்ல மண்ணின் ஆழம்தான் குறையும். சல்லியை அடியில் போடாமல் மண் முழுக்கக் கலக்க வேண்டும். ஓட்டையை அடைக்காமல் இருக்க ஒரு வலைத்துண்டு போதும். சாடிக்குக் கீழே தட்டு வைக்காதீர்கள். தட்டில் நிற்கிற தண்ணீர் ஜுனிப்பரின் வேருக்கும் கேடு, டெங்கு நுளம்புக்கும் வீடு. எங்கள் பகுதியில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் முதலில் குனிந்து பார்ப்பதே பூச்சாடித் தட்டைத்தான். இரண்டு செங்கல்லின் மேல் சாடியைத் தூக்கி வையுங்கள், அடியில் காற்றும் ஓடும்.

தண்ணீருக்கு நாள் கணக்கு வேண்டாம். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் பட்டால் விட்டுவிடுங்கள். ஊற்றும்போது காலையில், அடியில், நிறைய ஊற்றுங்கள். பசளையும் குறைவாகவே போதும். அதிகம் போட்டால் தளிர் மெத்தென்று வரும், மழைக்காலத்தில் நுனிக்கருகல் முதலில் பிடிப்பது அந்தத் தளிரைத்தான். நுனிகள் மங்கி, சாம்பலாகி, பழுப்பாகி மேலிருந்து கீழே வந்தால் அது பூஞ்சை. மழையில்லாத ஒரு நாளில் நல்ல பச்சைப் பகுதி வரைக்கும் வெட்டி எறியுங்கள், ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தரிக்கோலை ஸ்பிரிட்டால் துடையுங்கள்.

சிலந்திப்பூச்சி மழைக்காலத்தில் குறைவு. தை, மாசி வறட்சியில், அதுவும் மழை படாத மூடிய பல்கனிகளில்தான் வரும். இலை தூசு படிந்தது போல் மங்கும். கொப்பில் இருக்கும்போது வெறும் கண்ணுக்குப் பூச்சி இலேசில் தெரியாது. ஒரு வெள்ளைத் தாளைக் கொப்புக்குக் கீழே பிடித்து, கொப்பை இரண்டு தட்டுத் தட்டுங்கள். தாளில் மிளகாய்த்தூளை விடச் சின்னதாகச் சில புள்ளிகள் விழும். தாளை அசைக்காமல் கொஞ்ச நேரம் பாருங்கள். புள்ளி நடந்தால் பூச்சி. தாளை விரலால் அழுத்தித் தேய்த்தால் கோடு விழும். இந்தச் சோதனையை மாமிக்குச் சொல்லிக் கொடுத்தேன். இப்போது அந்தத் தொடர்மாடியில் பாதிப்பேர் தங்கள் செடிகளுக்கு இதைச் செய்து பார்க்கிறார்கள். மருந்து அடிக்கும் முன்னால், சில நாளைக்கு ஒருமுறை தண்ணீரை வேகமாக, இலையின் அடிப்பக்கமும் படும்படி அடித்துக் கழுவினாலே பெரும்பாலும் கட்டுப்படும்.

செதிற்பூச்சியைப் பற்றி ஒரு சொல். அத்திலாந்திக்கில் இருக்கிற பெர்முடா தீவில் அந்தத் தீவுக்கே உரிய ஒரு ஜுனிப்பர் இனம் காடாக நின்றது. 1940களில் வெளியிலிருந்து வந்து சேர்ந்த செதிற்பூச்சி சில வருடங்களுக்குள் அந்த மரங்களில் பெரும்பகுதியைக் கொன்றுவிட்டது. இலையில் ஒட்டிக்கிடக்கிற வெள்ளைப் புள்ளிகள், அவ்வளவுதான் பார்வைக்கு. வாங்குகிற கன்றில் அப்படி ஒன்றிரண்டு இருந்தாலும் எடுக்காதீர்கள். புதிதாக வாங்கியதை ஒரு மாதமாவது மற்றச் செடிகளிலிருந்து தள்ளி வைப்பது என் வழக்கம்.

இனி வெட்டுவது. கொழும்பில் ஜுனிப்பர்கள் அதிகம் பாழாவது இதனால்தான் என்று எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. மாதத்துக்கு ஒருமுறை வந்து தோட்டம் துப்புரவாக்குகிறவர்களுக்குக் கையில் பெரிய கத்தரி இருந்தால் எல்லாமே வேலிதான். துரந்தாவை எவ்வளவு ஆழமாக வெட்டினாலும் இரண்டு வாரத்தில் துளிர்க்கும். ஜுனிப்பர் துளிர்க்காது. உள்பக்கம் இலையில்லாமல் பழுப்பாக இருக்கிற பழைய கொப்பில் புதுக் கண் வராது. அங்கே வெட்டினால் அந்த ஓட்டை கடைசி வரைக்கும் ஓட்டைதான். பம்பலப்பிட்டியில் ஒரு வீட்டில் அழகாகப் படர்ந்திருந்த செடியை இப்படி உருண்டையாக வெட்டிவைத்திருந்தார்கள். ஒரு பக்கம் முழுக்க எலும்புக்கூடு. வீட்டுக்கார அன்ரி, "தம்பி, இது திரும்ப வருமோ?" என்று வெட்டியவரிடமே கேட்டுக்கொண்டு நின்றார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

செய்ய வேண்டியது இதுதான். நீண்டுபோன ஒரு கொப்பை எடுத்து, அதிலிருந்து பிரிகிற பச்சையான பக்கக் கொப்பு வரை பின்தொடர்ந்து, அந்த இடத்தில் வெட்டுங்கள். வெட்டிய இடம் பக்கக் கொப்பின் கீழே மறைந்துவிடும். ஒரு நாளில் கொஞ்சம்தான். சீன ஜுனிப்பரைக் கடுமையாக வெட்டினால் இன்னொன்றும் நடக்கும்: மெத்தென்ற செதில் இலைக்குப் பதிலாகக் குத்துகிற ஊசியிலை வரத் தொடங்கும். செடி பதறிப்போய்த் தன் இளமைக்காலத்து இலையைப் போடுகிறது. பழையபடி செதில் இலை வர நெடுநாள் பொறுக்க வேண்டும். வெட்டும்போது கையுறை போடுங்கள், சிலருக்கு அந்தச் சாறு பட்டால் தோல் கடிக்கும். வீட்டில் வேலைக்கு வருகிறவரிடம் சொல்லிவிட்டுப் போவதோடு நிற்காமல், செடியில் ஒரு சிவப்பு ரிபனைக் கட்டிவிடுங்கள். நாங்கள் கட்டியிருக்கிறோம். ரிபன் கட்டியதில் கத்தரி வைப்பதில்லை என்று இப்போது பேச்சு.

நடுகிற காலம், பெருமழை ஓய்ந்த மார்கழியும் தையும். அதற்குள் வேர் பிடித்தால், வைகாசியில் தென்மேற்குப் பருவமழை வரும்போது தாங்கும். கடையில் கறுப்புப் பொலித்தீன் பையோடு தருவார்கள். உள்ளே பெரும்பாலும் தும்புத்தூளும் களியும்தான் இருக்கும். வாங்கும் முன்னர் பையைக் கொஞ்சம் இறக்கிக் காட்டச் சொல்லுங்கள். வேர் வெள்ளையாகவோ இளம் பழுப்பாகவோ இருந்தால் எடுக்கலாம். கறுத்து, சேற்று வாசம் அடித்தால் வைத்துவிட்டு வாருங்கள். வேர் பையைச் சுற்றிச் சுற்றி வட்டமாக ஓடியிருந்தால், நடும்போது அந்த வட்டத்தை நாலு பக்கமும் மேலோட்டமாகக் கீறி, வெளிப்பக்கமாக விரித்துவிட வேண்டும். தண்டும் வேரும் சேர்கிற கழுத்துப்பகுதி நிலமட்டத்துக்கு ஓரங்குலம் மேலேயே நிற்கட்டும். சுற்றிலும் சல்லி பரப்புங்கள், தண்டை ஒட்டி வேண்டாம். உள்பக்கம் இலையோடு இருக்கிற, அடியிலிருந்தே கொப்பு வைத்த சின்னக் கன்றை எடுங்கள். உயரமாக இருக்கிறது என்று அடி காய்ந்த பெரிய கன்றுக்குக் கூடுதலாகக் காசு கொடுக்கத் தேவையில்லை.